மூன்றாம் மாடி நடிகர்

ரொறன்ரோ
14 செப்டெம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

மடு மாதா துணை. இடுப்பைத் தவிர மற்றபடி நான் சுகம். உங்கள் சுகமும் கிளிபோட் அத்தானின் முழங்கால் எப்படியிருக்கிறது என்பதும் அறிய ஆவல்.

உலகமே வீடியோவில் முகம் காட்டும் காலத்தில் நான் முத்திரை ஒட்டிக்கொண்டு திரிகிறேன் என்று எங்கள் தம்பி அன்ட்ரூ மார்க்கம் நகரில் இருந்துகொண்டு நக்கலடிக்கிறான். ஷெல் விழுந்த நாளிலிருந்து உங்களுக்குக் காது கேளாது என்பதும், வீடியோவில் உதட்டைப் பார்த்தால் உங்களுக்குத் தலை சுற்றுகிறது என்று அத்தான் சொன்னதும் அவனுக்கு மறந்துவிட்டது.

எனக்கு வேலையிடம் மாறிவிட்டது. ரெக்ஸ்டேலில் ஒரு முதியோர் இல்லம். மில்லிக்கனில் இருந்து பஸ் மாறி மாறிப் போக ஒன்றேமுக்கால் மணித்தியாலம். வேலை பழையதுதான்: குளிப்பாட்டுவது, உடுத்திவிடுவது, சாப்பாட்டை வாயில் தீத்துவது. ஆனால் மூன்றாம் மாடியில் போட்டிருக்கிறார்கள். அது நினைவு தப்பியவர்களின் மாடி. லிப்ற்றுக்கு ரகசிய இலக்கம் உண்டு. நினைவு தப்பியது என்று டொக்டர் எழுதினால்தான் அங்கே கட்டில் கிடைக்கும்.

அங்கே ஒரு ரஷ்யச் சோடி இருக்கிறது. மத்வேய்க்கு எண்பத்திரண்டு, மனைவி ரைசாவுக்கு எண்பது. வொல்கா ஆற்றங்கரைப் பட்டணம் ஒன்றில் முப்பத்தெட்டு வருடம் அவர் மேடை நடிகராக இருந்தாராம். சுவர் நிறையப் படங்கள். ராஜாவாக, பிச்சைக்காரனாக, குடிகாரனாக, எல்லாம் ஒரே மூக்கு.

ரைசா ஒவ்வொரு நாளும் அவரை வேறு யாரோ என்று நினைக்கிறாள். திங்கட்கிழமை திராம் வண்டி கொண்டக்டர், செவ்வாய்க்கிழமை செத்துப்போன அவளுடைய தமையன், புதன்கிழமை பல் டொக்டர். அவரும் கரண்டியை எடுத்து அவளது வாய்க்குள் எட்டிப் பார்த்தார். மாடி கூட்டும் லூபாவுக்கு ரஷ்ய மொழி தெரியும். அவள்தான் எங்களுக்கு மொழிபெயர்ப்பாள். இரண்டுக்கும் சேர்ந்தே கழன்றுவிட்டது என்று எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் சிரித்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அத்தானை மரத்தில் ஏற விடாதீர்கள்.

அன்புத் தங்கை
அன்ரனெற்

*

மன்னார்
9 ஒக்ரோபர் 2025

அன்புள்ள தங்கச்சி அன்ரனெற்றுக்கு,

ஆண்டவர் கிருபையால் நாங்கள் இருவரும் நலம். அத்தான் மரத்தில் ஏறுவதில்லை. உன் இடுப்புக்கு நல்லெண்ணெய் பூசு.

அந்த ரஷ்ய மனுசனைப் பற்றி வாசித்தேன். ஒரு கேள்வி. அவருக்கும் நினைவு இல்லையென்றால், மனைவி யாராக அழைத்தாலும் அந்த ஆளுக்குப் பொருத்தமாக எப்படிப் பதில் சொல்கிறார்? ஒரு தடவையாவது பிழைத்ததா? கவனித்துப் பார்த்து எழுது. அவள் அவரைக் கண்டு பயப்படுவது உண்டா என்பதையும் எழுது.

உன் அக்கா
ஜெனாட்

*

ரொறன்ரோ
2 நவம்பர் 2025

அன்புள்ள அக்கா,

சுகம் கேட்டு எழுதும் நிலையில் நான் இல்லை. நீங்கள் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன்.

வியாழக்கிழமை இரட்டை ஷிப்ற். ரைசாவுக்குத் தண்ணீர் தொண்டையில் சிக்கும். எதைக் குடிக்கக் கொடுத்தாலும் ஒரு மா கலந்து கூழ்போலத் தடிப்பாக்கித்தான் கொடுக்க வேண்டும். நான் தூக்கக் கலக்கத்தில் வெறும் தேநீரை அவளது வாய்க்குக் கிட்டக் கொண்டு போனேன். அப்போது ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்தது.

"அன்ரனெற், இதில் மா போடவில்லை. குடித்தால் மூச்சடைத்துச் செத்துப்போவாள்."

மத்வேய்! தெளிவான ஆங்கிலம். கண்ணும் தெளிவு. இரண்டு மாதமாக என்னைக் கப்பல் தலைவன்போல 'கப்பித்தான்' என்று கூப்பிட்ட மனுசன் என் பெயரைச் சொல்கிறார். தேநீர் முழுவதும் என் சப்பாத்தில்.

அந்த மனுசனுக்கு ஒரு மறதியும் இல்லை, அக்கா. இரண்டு வருடமாக நடிக்கிறார். மனைவியை இந்த மாடியில் பூட்டப் போகிறார்கள் என்றவுடன், கூடவே இருப்பதற்காக டொக்டரை, நேர்ஸ்மாரை, எங்கள் எல்லோரையும் ஏமாற்றி உள்ளே வந்திருக்கிறார். என் காலில் விழப் போனார். நான் பிடித்துக் கதிரையில் இருத்தினேன்.

இப்போது நான் என்ன செய்வது? அறிந்ததை எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது இல்லத்தின் சட்டம். அந்தக் கட்டிலுக்கு வெளியே ஆட்கள் வரிசையில் காத்திருக்கிறார்கள். எழுதிக் கொடுத்தால் இருவரையும் பிரித்துவிடுவார்கள். மறைத்தால் நானும் கள்ளி. அத்தோடு மா போடாத தேநீரும் வெளியே வரும். அவருடைய பொய் என் கையில், என் பிழை அவர் கையில்.

நீங்கள் கேட்டிராவிட்டால் நான் அவரைக் கவனித்திருக்கவே மாட்டேன். அது சரி, போன கடிதத்தில் ஏன் எனக்கு ஒரு பேச்சும் விழவில்லை? நீங்கள் ஏசாமல் எழுதிய முதல் கடிதம் அதுதான்.

என்ன செய்ய? உடனே எழுதுங்கள்.

அன்ரனெற்

*

மன்னார்
27 நவம்பர் 2025

அன்புள்ள அன்ரனெற்றுக்கு,

நாங்கள் நலம். மழை பிடித்துவிட்டது. உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது.

எழுதிக் கொடுக்காதே. இதை அக்காவின் கட்டளையாக எடுத்துக்கொள். அந்த மனுசன் யாருடைய சோற்றைப் பறித்தார்? கட்டிய மனைவிக்குப் பக்கத்தில் இருப்பதற்காகத் தன் புத்தியையே இல்லையென்று சொன்ன ஆளை எந்தச் சட்டம் என்ன செய்யும்? வயது போனவர்களைப் பிரிக்க ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. நீ அதில் சேராதே.

அவர் அதை எப்படிச் செய்கிறார் என்று கேட்டு எழுது. அவள் அழுதால் என்ன செய்கிறார், வீட்டுக்குப் போக வேண்டும் என்று கதவைத் தட்டினால் என்ன சொல்கிறார், எல்லாம் விபரமாக எழுது.

பேச்சு விழவில்லை என்று கேட்டாய். மூதேவி, இரட்டை ஷிப்ற் செய்யாதே. போதுமா?

ஜெனாட்

*

ரொறன்ரோ
14 டிசம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

நத்தார் வாழ்த்துகள். இங்கே பனி முழங்கால் அளவு. நான் நலம், உங்கள் நலம் அறிய ஆவல். 'மூதேவி' என்று வாசித்ததும் வயிறு குளிர்ந்தது.

நீங்கள் சொன்னபடியே வாயை மூடிக்கொண்டேன். ரைசா பின்நேரத்தில் தூங்கும்போது அவர் என்னிடம் கிசுகிசுப்பாகத் தன் கதையைச் சொல்வார்.

பத்தொன்பது வயதில் நாடகக் கொம்பனியில் சேர்ந்தவர். ஐந்து வருடம் காவல்காரனும் பிணமும்தான் வேஷம். "நல்ல பிணம் என்று பத்திரிகையில் எழுதினார்கள்" என்கிறார், பெருமையாக. ஒரு நாள் முதன்மை நடிகருக்குத் தொண்டை அடைத்துப் போக, உடுப்பு அளவாக இருக்கிறது என்பதற்காக மட்டும் இவரை மேடையில் தள்ளிவிட்டிருக்கிறார்கள். ஒரு வசனமும் தெரியாது.

அந்த நாட்டு மேடைகளில் முன்பக்கம் பெட்டிபோல ஒரு பள்ளம் இருக்குமாம். அதற்குள் ஒருவர் புத்தகத்தோடு குந்தியிருந்து, வசனம் மறந்தவர்களுக்கு மெதுவாக எடுத்துக் கொடுப்பார். அன்றைக்கு அங்கே இருந்தது ரைசா. நான்கு அங்கமும் ஒவ்வொரு வரியாக அவள் சொல்லச் சொல்ல இவர் நடித்து முடித்தார். சபைக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்த மாரியிலேயே கல்யாணம். பிறகு முப்பது வருடம் ராஜா வேஷம். தொண்ணூறுகளில் கொட்டகையில் சூடேற்ற வழியில்லாமல், சபை ஓவர்கோட்டோடு இருந்து பார்த்ததாம். மகள் கூப்பிட்டு ரொறன்ரோ வந்தார்கள். இங்கே பதினொரு வருடம் கார் தரிப்பிடத்தில் காவல். மேடையில் செய்த வேஷம்தான் என்று சிரிக்கிறார். மகள் ஐந்து வருடத்துக்கு முன் புற்றுநோயில் போய்விட்டாள்.

இந்த மாடிக்கு வருவதற்கு மூன்று மாதம் ஒத்திகை பார்த்தாராம். இடைவேளை இல்லாத நாடகம் இதுதான் முதல் தடவை என்கிறார்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: மறுக்கவே கூடாது. யாராக அழைத்தாளோ அந்த ஆளாகவே பதில் சொல்ல வேண்டும். திருத்தினால் பயப்படுவாள். 'நான் யார் சொல்லு' என்று ஒருபோதும் கேட்கக் கூடாது. வீட்டுக்குப் போக வேண்டும் என்றால், வண்டி வர நேரமாகும், அதுவரை தேநீர் குடிப்போம் என்று சொல்ல வேண்டும்.

மார்ச்சில் டொக்டர் வந்து அவரை மறுபடி சோதிப்பாராம். அதற்கு இப்போதே பயப்படுகிறார்.

அன்ரனெற்

*

மன்னார்
12 ஜனவரி 2026

அன்புள்ள அன்ரனெற்றுக்கு,

நத்தார் நல்லபடியாகப் போனது. இருவரும் சுகம்.

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். வண்டி வர நேரமாகும் என்ற பதில் நல்ல பதில். அந்த மனுசனுக்கு என் நன்றியைச் சொல்லு. ஏன் என்று கேட்டால், சும்மா என்று சொல்லு.

இன்னும் ஒன்று கேள். இத்தனை பேராக இருக்கிறாரே, ஒரு நாளாவது அவள் தன்னைத் தன் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று ஆசை வருவதில்லையா? வந்தால் அதை என்ன செய்கிறார்?

ஜெனாட்

*

ரொறன்ரோ
15 மார்ச் 2026

அன்புள்ள அக்கா,

நீங்களாவது சுகமாக இருக்க வேண்டும். இங்கே எல்லாம் முடிந்தது.

உங்கள் கேள்வியை அவரிடம் கேட்டேன். "கேட்டவரிடம் சொல்லு, ஆசை ஒவ்வொரு நாளும் காலையில் வரும், பல்லை விளக்கும்போது விழுங்கிவிடுவேன்" என்றார்.

வியாழக்கிழமை சோதனை. டொக்டர், இல்லத்தின் மனேச்சர், மொழிபெயர்க்க ஒரு பெண், நான். ரைசாவைப் பிரித்தால் இவர் கத்துவார் என்பதால் அவளையும் சக்கர நாற்காலியில் யன்னலோரம் வைத்திருந்தோம். டொக்டர் பெயர் கேட்டார். இவர் சிரித்தார். எந்த மாடி என்று கேட்டார். கப்பல் என்றார். என்ன அருமையான நடிப்பு, எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"இன்று என்ன நாள், என்ன திகதி?"

இவர் பேசவில்லை. கண்ணை வெறுமையாக வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். அந்த மௌனம்தான் வினை, அக்கா. யன்னலோரம் இருந்தவள் முன்னுக்குச் சாய்ந்தாள். உள்ளங்கையை வாய்க்குப் பக்கத்தில் பிடித்து, "மோத்யா" என்றாள். அது அவருடைய செல்லப்பெயர். இரண்டு வருடத்தில் அவள் அவரை அவராகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பிறகு மெதுவாக ஒரு வரி சொன்னாள். ஏதோ பழைய நாடக வசனம், சோதனைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று மொழிபெயர்ப்புப் பெண் சொன்னாள். எனக்கு விளங்கிவிட்டது. மேடையில் வசனம் மறந்து நிற்கிறார் என்று நினைத்து எடுத்துக் கொடுக்கிறாள்.

மத்வேய் அப்படியே இருந்திருந்தால் தப்பியிருப்பார். அவள் மறுபடியும் அந்த வரியைச் சொன்னாள், பதறிக்கொண்டு. இவர் எழும்பினார். அந்த வரியை வாங்கி, அறை அதிர, முழுக் குரலில் சொன்னார். அவள் அடுத்ததைக் கொடுத்தாள், இவர் சொன்னார். டொக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஐந்து நிமிடம் இருக்கும். முடிந்ததும் அவள் வேலை முடிந்தவள்போல நெற்றியைத் துடைத்துக்கொண்டு, மோத்யா, இன்றைக்குச் சனிக்கிழமையா, இரண்டு காட்சியா என்று கேட்டாள்.

அவர் அவளுக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தார். எங்களை எல்லாம் மறந்துவிட்டார்.

"இல்லை ராயா, இன்றைக்கு வியாழன், மார்ச் பன்னிரண்டு. சனிக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. நீ கொஞ்சம் படு."

மொழிபெயர்ப்புப் பெண் அதையும் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டாள். சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது என்னவென்று விளங்கி வாயைப் பொத்தினாள். டொக்டர் கேட்ட கேள்விக்கு அது அச்சொட்டான பதில்.

மனேச்சர் என் பக்கம் திரும்பி, உனக்கு இது தெரியுமா என்று கேட்டார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

அன்ரனெற்

*

ரொறன்ரோ
9 ஏப்ரல் 2026

அக்காவுக்கு,

உயிர்த்த ஞாயிறு வாழ்த்து. சுகமா? ஜனவரிக்குப் பிறகு உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை.

மத்வேயை நான்காம் மாடிக்கு அனுப்பிவிட்டார்கள். பின்நேரம் இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை அவர் மூன்றாம் மாடிக்கு விருந்தாளியாக வரலாம். நான்கு மணிக்கு அவரை லிப்ற்றில் ஏற்றிவிட வேண்டும். அதன் பிறகு ரைசா வெறும் கதிரையைப் பார்த்து, கையை வாய்க்குப் பக்கத்தில் பிடித்து, அதே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்கிறாளாம். யாரும் பதில் சொல்வதில்லை. சாப்பாட்டுக்கு வாய் திறக்கிறாள் இல்லையாம். லூபா போனில் அழுதாள்.

என்னை வீட்டில் நிற்கச் சொல்லிவிட்டார்கள். விசாரணை நடக்கிறது.

எனக்குக் கோபம். நீங்கள் கட்டளை என்று எழுதினீர்கள், நான் மறைத்தேன். நவம்பரிலேயே நான் மனேச்சரிடம் பக்குவமாகப் பேசியிருந்தால் ஏதாவது வழி பிறந்திருக்குமோ என்று யோசித்து யோசித்துத் தூக்கம் இல்லை. கட்டளை போட்டவர் இப்போது வாய் திறக்காமல் இருந்தால் என்ன நியாயம்? ஏசியாவது எழுதுங்கள்.

அன்ரனெற்

*

மன்னார்
28 ஏப்ரல் 2026

அன்புள்ள தங்கச்சி அன்ரனெற்றுக்கு,

கிளிபோட் எழுதுகிறேன். உம்முடைய இரண்டு கடிதங்களும் என் முன்னால் இருக்கின்றன. உம்மிடம் மன்னிப்புக் கேட்காமல் சுகம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

கட்டளை போட்டது ஜெனாட் அல்ல. நான். ஒக்ரோபரிலிருந்து வந்த கடிதம் எல்லாம் நான் எழுதியவை. கச்சேரியில் முப்பத்திரண்டு வருடம் அரசாங்கக் கிளார்க்காக இருந்தவனுக்கு மனைவியின் கையெழுத்து பெரிய காரியம் இல்லை. 'மூதேவி' என்ற ஒரு சொல்லுக்குத்தான் ஒரு பகல் முழுவதும் யோசித்தேன்.

உம்முடைய அக்காவுக்கு நினைவு தப்பி இரண்டு வருடமாகிறது. போன வருடத் தவசுகாலம் வரை பேனா பிடித்தாள், பிறகு அதுவும் இல்லை. வீடியோவில் தலை சுற்றுகிறது என்று நான் சொன்னதும் பொய். அக்காவுக்கு ஏதும் என்றால் கன்னியர் மடத்து முதியோர் இல்லத்தில் சேர்ப்போம், செலவு தன்னுடையது என்று அன்ட்ரூ முந்தியே சொல்லியிருந்தான். எனக்கு எழுபத்தாறு வயது, ஒரு முழங்கால் வேலை செய்யாது. நல்ல மனதோடுதான் அவளை என்னிடமிருந்து எடுத்துப் போவீர்கள் என்று பயந்தேன். உமது ரஷ்ய மனுசனைப் பிரித்துவிடுவார்களோ என்று நீர் கேட்டபோது, எனக்காகத்தான் பதில் எழுதினேன். அது உம்முடைய வேலையைக் கெடுத்துவிட்டது.

அதுவரை நான் அவளைத் திருத்திக்கொண்டே இருந்தேன். நான்தான் கிளிபோட், உன்ர மனுசன் என்று சொல்வேன். அவள் பயந்து கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஒதுங்குவாள். உமது டிசம்பர் கடிதம் வந்த பிறகு நிறுத்திவிட்டேன். இப்போது நான் மீன்காரன், மாமா, பாடசாலை அதிபர். அவள் பயப்படுவதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதை உமக்குச் சொல்லாமல் வேறு யாருக்கும் சொல்ல முடியாது. பெரிய வெள்ளிக்கிழமை அன்று நான் வெள்ளைச் சேட்டோடு அறைக்குள் போனேன். அவள் என்னைப் பங்குச் சுவாமி என்று நினைத்து முழங்காலில் நின்று பாவசங்கீர்த்தனம் செய்யத் தொடங்கினாள். கேட்பது பாவம் என்று தெரியும். மறுத்தால் பயப்படுவாள் என்றும் தெரியும். நின்றேன்.

"சுவாமி, வீட்டில ஒரு மனுசன் இருக்கிறார். எனக்குச் சோறு தீத்துறார், சீப்பால தலை இழுத்து விடுறார். நல்ல மனுசன். ஆனா நான் கலியாணம் கட்டினவள், சுவாமி. என்ர மனுசன் கச்சேரியால வந்து இதைக் கண்டா என்ன நினைப்பார்? எனக்கு அவரை விட்டால் ஒருத்தரும் இல்லை."

சுவரைப் பிடித்துக்கொண்டேன். பிறகு கையை அவளது தலையில் வைத்து, என் உதடு அவளுக்குத் தெரியும்படி குனிந்து, "மகளே, அது பாவமில்லை. அந்த மனுசன் தாற சோத்தைச் சாப்பிடு. உன்ர மனுசனிட்ட நான் சொல்லி வைக்கிறன்" என்றேன். அவள் நிம்மதியாக எழும்பிப் போய்ச் சாப்பிட்டாள். அதற்குப் பிறகு மூன்று கிழமையாக எனக்குப் பேனா பிடிக்க முடியவில்லை.

அன்ட்ரூவிடம் சொல்வதும் விடுவதும் உம்முடைய விருப்பம்.

கிளிபோட்

*

ரொறன்ரோ
29 மே 2026

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் இருவரும் சுகமாக இருக்க மாதா துணை நிற்கட்டும்.

உங்கள் கடிதத்தைப் பஸ்ஸில் வைத்து வாசித்தேன். இறங்க வேண்டிய இடம் தாண்டி, கடைசித் தரிப்பில் சாரதி வந்து தோளில் தட்டும்வரை இருந்திருக்கிறேன். எட்டு மாதம் என்னை ஏமாற்றினீர்கள் என்று கோபம் வந்தது, அதை எழுதாமல் விட்டால் பொய். அக்காவுக்கு இப்படி ஆகிவிட்டதே என்று பஸ் தரிப்பிலேயே நின்று குழறினேன். பிறகு பாவசங்கீர்த்தனத்தை இன்னொரு தரம் வாசித்தேன். கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை.

மறுநாள் விசாரணைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன், மா போடாத தேநீரையும் சேர்த்து. அன்று அவர் தன் பொய்யைக் காப்பாற்றியிருந்தால் அவள் செத்திருப்பாள், கட்டில் போனாலும் பரவாயில்லை என்றுதான் என் கையைப் பிடித்தார் என்றேன். ஒரு கிழமைக்குப் பிறகு மத்வேயை ரைசாவின் பராமரிப்பாளர் என்று பதிந்து கழுத்தில் அட்டை போட்டுவிட்டார்கள். காலை எட்டு மணியிலிருந்து இரவு எட்டு மணி வரை அவளோடு இருக்கலாம். நித்திரைக்கு மட்டும் நான்காம் மாடி. அவள் மறுபடி சாப்பிடுகிறாள் என்று லூபா சொன்னாள். எனக்கு வேலை போய்விட்டது. தேநீருக்கு அது சரியான தண்டனை, அதில் எனக்கு வழக்கு இல்லை.

அன்ட்ரூவிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லப் போவதுமில்லை.

ஜூலை இருபதாம் திகதி கொழும்பில் இறங்குகிறேன். ஆறு மாதம் நிற்பேன். குளிப்பாட்டி, உடுத்தி, சாப்பாடு தீத்துவதுதான் எனக்குத் தெரிந்த வேலை. உங்கள் முழங்காலுக்கும் ஓய்வு வேண்டும்.

அக்காவிடம் நான் அன்ரனெற் என்று சொல்லமாட்டேன், பயப்பட வேண்டாம். ஆனால் இந்த நாட்களில் அவள் யாருக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று மட்டும் முன்கூட்டியே எழுதிவிடுங்கள். மீன்காரியோ, பாடசாலைச் சிநேகிதியோ, செத்துப்போன அம்மாவோ, யாராக வேண்டுமென்றாலும் வாசல் படலையில் வந்து நிற்கிறேன். பங்குச் சுவாமியாக மட்டும் என்னால் வர முடியாது, அதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்
அன்ரனெற்